நகை குன்றிய நாடகம்

பாம்பூஃப்ளாட்டில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பள்ளியிலும், சாத்தாம் செல்லும் படகிலும் பெரும்பாலும் இந்தியே பேசுகின்றனர். வீட்டில் நாம் அவர்களோடு பேசும் தமிழோ உண், உறங்கு, படி என்ற அளவில் நின்றுவிடுகின்றது. தமிழில் எள்ளி நகையாடுவது எவ்வாறு என்பதை அவர்களுக்குச் சில காலம் கற்பித்தது ஒரு தொலைக்காட்சித் தொடர் என்றால் நேயர்கள் வியக்கலாம்.

2022 பிப்ரவரியில் சன் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘எதிர்நீச்சல்’தான் அது. ‘கோலங்கள்’ தொடரைத் தந்த திருச்செல்வம் இயக்கியது. படித்த பெண்களை மருமக்களாகக் கொணர்ந்து அடுக்களையில் அடைத்துவைக்கும் குடும்பமொன்றின் கதை. குடும்பத்தின் மூத்தவராகிய குணசேகரனாக மாரிமுத்து நடித்தார். குணசேகரன் கொடியவர்தாம், எனினும் அவர் தம் பெருமையைத் தாமே பேசுந்தோறும் நமக்குச் சிரிப்பு வந்தது. அடுக்களையில் நந்தினியும் ரேணுகாவும் தாழ்ந்த குரலில் அவரைக் கேலி செய்தனர். அஞ்சத்தக்கவரை எள்ளுதல் எளியோரின் படைக்கலம் அன்றோ! அந்தக் கேலிப் பேச்சுகளை நம் பிள்ளைகள் மறுநாள் வீட்டில் நடித்துக் காட்டினர். பல சமயம் குணசேகரன் வேடம் நமக்கே வாய்த்தது. அது வேறு கதை.

2023 செப்டம்பர் 8ஆம் நாள், இத்தொடருக்காகக் குரற்பதிவு செய்யச் சென்றிருந்த மாரிமுத்து மாரடைப்பால் காலமானார். அவர் ஏற்ற வேடம் எழுத்தாளர் வேல ராமமூர்த்தியிடம் சென்றது. அவர் தேர்ந்த நடிகர், குறை அவருடையதன்று. ஒருவர் நாவுக்கென்று அளந்து தைத்த பேச்சு மற்றொருவர்க்குப் பொருந்துமா? குணசேகரனின் சினம் எஞ்சியது. நகைப்புக்குரிய அகந்தை போயிற்று. எள்ளுதற்கு இடமின்மையால் அடுக்களையும் அழுகைக் கூடமாயிற்று. 2024 ஜூனில் முதற்பகுதி முடிந்து, டிசம்பரில் இரண்டாம் பகுதி தொடங்கியபோது ஜனனி வேடத்திலும் வேறொருவர் தோன்றினார். மிரட்டலும் கூச்சலுமே மிகுந்தன.

நாள்தோறும் அரைமணி நேரத்தை நிரப்ப வேண்டிய நெருக்கடியை நாம் அறியாமலில்லை. ஒரு வழக்கை, ஒரு கடத்தலைப் பத்து நாள் நீட்டலாம். ஒரு கேலியைப் பத்து நாள் நீட்ட இயலுமா? இழப்பு, தொடர் எடுப்போரைக் காட்டிலும் நமக்கே பெரிது. சென்னையிலோ மதுரையிலோ உள்ள பிள்ளைக்குத் தெருவெங்கும் கேலித் தமிழ் கிடைக்கும். இங்கோ, தொடர் தொடங்கியதும் பிள்ளைகள் கைப்பேசியோடு அடுத்த அறைக்குச் செல்கின்றனர். அங்கிருந்து சிரிப்பொலி கேட்கின்றது, இந்தியில்.