ஒவ்வொரு சிரட்டையிலும் ஓர் ஓட்டை

(மழைக்கால, பனிக்கால வீட்டுத் தோட்டம் குறித்துப் பண்பொழியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம்ம பண்பொழிக்கு வருஷத்துல ரெண்டு மழை. ஆனி, ஆடியில் மேற்கு மலையைத் தாண்டி வர்ற சாரல் ஒண்ணு. ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுகிற வடகிழக்குப் பருவமழை இன்னொண்ணு. சாரலில் செடி தானாகத் துளிர்க்கும். ஐப்பசி மழையில் நாம் கவனிக்காவிட்டால் வேர் அழுகிவிடும். அது மட்டுமல்ல, வீட்டுக்குள் காய்ச்சலும் வந்துவிடும்.

முதல்ல என் வீட்டுக் கதையைச் சொல்லிடுறேன். இரண்டு வருடத்துக்கு முந்தைய கார்த்திகையில் என் பேரனுக்குக் காய்ச்சல். இரத்தப் பரிசோதனையில் டெங்கு என்று தெரிந்தது. வீடு பார்க்க வந்த கொசு ஒழிப்புப் பணியாளர் அம்மா நேராகக் கொல்லைக்குப் போனாங்க. ரோஜாத் தொட்டிக்கு அடியில் நான் வைத்திருந்த தட்டைத் தூக்கிக் காட்டினாங்க. தெளிந்த தண்ணீர், அதில் கொசுப்புழு நெளிந்தது. கைவேலைக்கென்று நான் சேர்த்து வைத்திருந்த சிரட்டைகளிலும் அதேதான். "தோட்டம் போடுங்க ஐயா, வேண்டாம்னு சொல்லலை. தண்ணி நிக்காம போடுங்க" என்றார். எனக்குத் தலை நிமிர முடியவில்லை. பேரன் ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்து நல்லபடியாகத் திரும்பினான். அன்றிலிருந்து என் தோட்டத்தில் ஒரே சட்டம்தான்: ஓட்டை இல்லாத எதுவும் மழையில் கிடக்கக் கூடாது.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக மாற ஏழு முதல் பத்து நாள் போதும். அதனால் வாரம் ஒரு நாள் குறித்துக்கொள்ளுங்கள். அன்று தொட்டித் தட்டு, பறவைக்கு வைக்கும் கிண்ணம் எல்லாவற்றையும் கொட்டிக் கவிழ்த்துவிடுங்கள். கொட்டினால் மட்டும் போதாது, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவணும். பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிய முட்டை, காய்ந்த பிறகும் பல மாதம் உயிரோடு இருக்கும்.

சரி, இனி மாத வேலைகளைப் பார்ப்போம்.

புரட்டாசி: கொல்லையில் மணலைக் குவித்துப் பனங்கொட்டைகளைப் பதித்து வையுங்கள். பொங்கலுக்கு வீட்டுக் கிழங்கு கிடைக்கும். வளர்ப்புப் பைகளில் அடி ஓட்டை அடைத்திருந்தால் குச்சியால் குத்தித் திறந்துவிடுங்கள்.

ஐப்பசி: முதல் வாரத்தில் பூசணி விதை போட்டால் மார்கழிக் கோலத்துக்குப் பூ தயார். கத்தரி, மிளகாய் நாற்றுகளை நேரடி மழை படாமல் வையுங்கள். ஈரம் மிஞ்சினால் தண்டு அழுகிச் சாய்ந்துவிடும். மண்ணில் விரல் வைத்துப் பார்த்து, ஈரம் இருந்தால் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

கார்த்திகை: ஆடியில் போட்ட அவரை இப்போதுதான் பூக்கும். மழை விட்ட நாளில், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலந்து, மாலையில் தெளித்தால் அசுவினி குறையும்.

மார்கழி: முள்ளங்கி, கொத்தமல்லி, வெந்தயக்கீரைக்கு ஏற்ற குளிர். மல்லி விதையை இரண்டாக உடைத்து விதையுங்கள். கோலத்துக்குப் பூசணியின் ஆண் பூவைப் பறியுங்கள். பூவுக்கு அடியில் குட்டிக் காய் இருந்தால் அது பெண் பூ, அதை விட்டுவிடுங்கள். மகரந்தத்துக்காக ஒன்றிரண்டு ஆண் பூவும் கொடியில் இருக்கட்டும்.

அரையாண்டு விடுமுறையில் பிள்ளைகள் கையில் போன் மட்டும் இருக்க வேண்டாம். இரண்டு கைவேலை சொல்கிறேன்.

ஒன்று, சிரட்டைத் தொட்டி. கண் உள்ள பாதியை எடுத்து, மெல்லிய கண்ணைக் கம்பியால் குத்தித் திறக்கணும். நாரைச் சுரண்டி, மண்ணும் தென்னை நார்க்கழிவும் மக்கிய உரமும் சம அளவு கலந்து நிரப்பினால் நாற்று வளர்க்கலாம். கண் இல்லாத பாதியில் பெரியவங்க துளை போட்டுக் கொடுங்க. மிச்சச் சிரட்டையைக் கவிழ்த்து வையுங்கள், இல்லை அடுப்புக்குப் போடுங்கள்.

இரண்டு, பனை ஓலைக் காத்தாடி. ஓலையில் இரண்டு துண்டு நறுக்கிக் குறுக்காக வைத்து, நடுவில் கருவேல முள்ளைக் குத்தி, குச்சியில் செருகினால் போதும். முள்ளைப் பெரியவங்க குத்திக் கொடுங்க. ஓலையும் குச்சியும் ஊருக்குள் கிடைப்பதே போதும். காப்புக்காட்டுக்குள் போய் எடுக்க வேண்டாம்.

உங்கள் போனில் 'உழவன்' செயலி இருக்கட்டும். மானியத் திட்டங்கள், வானிலை முன்னறிவிப்பு இரண்டையும் அதில் பார்க்கலாம். விதை, நாற்று பற்றிய சந்தேகத்துக்கு வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தை அணுகுங்கள். காய்ச்சல் வந்தால் நீங்களே மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு காத்திருக்காதீர்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104-ஐ அழைக்கலாம்.

இன்று வீட்டுக்குப் போனதும் விதை வாங்கக் கிளம்ப வேண்டாம். முதலில் கொல்லையை ஒரு சுற்றுச் சுற்றி வாங்க. தண்ணீர் நிற்கிற ஒன்றையாவது கவிழ்த்துவிடுங்கள். தோட்டம் அங்கேதான் தொடங்குது.