ஆஷியம்மா வீட்டு இலைகள்



வீட்டுக்கு விருந்தாளி வருகிறார் என்றால் இப்போதெல்லாம் முன்கூட்டியே செய்தி வந்தாக வேண்டும். எத்தனை பேர், எத்தனை மணிக்கு, சைவமா அசைவமா என்று கேட்டு வைத்துக்கொண்ட பிறகுதான் அடுப்பு எரியும். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் அடுக்குமாடி வாழ்க்கையில் அதைக் குறை சொல்லவும் முடியாது.

ராமேசுவரத்தில் மசூதித் தெருவில் ஒரு வீடு. சுண்ணாம்பும் செங்கல்லும் கொண்டு கட்டிய பழைய வீடு. ராமநாத சுவாமி கோயில் அங்கிருந்து பத்து நிமிட நடை. அந்த வீட்டில் தினமும் சாப்பிட்டவர்களைக் கணக்கெடுத்தால், குடும்பத்தாரைவிட வெளியாட்கள்தான் அதிகம் இருப்பார்கள். எத்தனை பேர் என்று எவரும் எண்ணி வைக்கவில்லை. சமைத்துப் போட்டவரும் எண்ணவில்லை.

அவர் பெயர் ஆஷியம்மா. படகு வைத்துப் பிழைத்த ஜைனுலாப்தீனின் மனைவி. 2002 முதல் 2007 வரை இந்திய அதிபராக இருந்த டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாமின் தாயார்.

பெரிய பணக்காரக் குடும்பம் என்று நினைத்துவிட வேண்டாம். பசி இல்லை, ஆடம்பரமும் இல்லை. சமையலறைத் தரையில் உட்கார்ந்து வாழை இலையில் சாப்பாடு. சோறு, மணக்க மணக்கச் சாம்பார், வீட்டில் போட்ட ஊறுகாய், ஒரு கரண்டி தேங்காய்ச் சட்டினி. வருகிறவருக்கும் அதேதான். விருந்தாளிக்கு ஒன்று, வீட்டாருக்கு ஒன்று என்று அந்த வீட்டில் இரண்டு சமையல் இல்லை.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். அளவான வருமானம், கூட்டுக் குடும்பம், நிறையப் பிள்ளைகள். இத்தனை பேருக்குப் போட்டது போக மிச்சம் எங்கிருந்து வந்தது?

அதற்கான பதில் ஒரு சப்பாத்தியில் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். உணவுப் பொருள்களுக்குப் பங்கீடு. மண்ணெண்ணெயும் அப்படித்தான். (அதே ஆண்டுகளில் மலாயாவில் நம் பாட்டிமார்கள் மரவள்ளிக்கிழங்கை அவித்துப் பிள்ளைகளின் வயிற்றை நிரப்பிக்கொண்டிருந்தார்கள்.) ராமேசுவரத்தில் ஆஷியம்மா பங்கீட்டில் கிடைத்த கோதுமையில் சப்பாத்தி சுட்டார். ஓர் இரவு, பத்து வயதை ஒட்டிய சிறுவன் கலாம் நல்ல பசியோடு உட்கார்ந்தான். அம்மா வைக்க வைக்கச் சாப்பிட்டுக்கொண்டே இருந்தான். அம்மாவும் போதும் என்று சொல்லவில்லை.

சாப்பாடு முடிந்ததும் அண்ணன் அவனைத் தனியே அழைத்தார். "என்ன நடந்தது என்று உனக்குத் தெரியுமா? ஆளுக்கு இரண்டு மூன்றுதான். நீ கேட்டால் அம்மா இல்லை என்று சொல்ல மாட்டார். தன் பங்கையும் உனக்கே போட்டுவிட்டார். இப்போது அம்மாவுக்கு ஒன்றுமில்லை" என்கிற பொருளில் கண்டித்தார். சிறுவனுக்கு உடம்பு நடுங்கியது. ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொண்டான். முதிர்ந்த வயதிலும் கலாம் இதை மறக்காமல் எழுதி வைத்தார்.

தாயின் தியாகம் என்று சொல்லிக் கைதட்டிவிட்டுப் போவது எளிது. அந்த இரவில் யாரும் பார்க்காத ஒன்றைப் பார்த்தவர் அந்த அண்ணன். எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காருகிற அம்மாவின் இலையில் என்ன இருக்கிறது என்று எத்தனை வீடுகளில், எத்தனை பிள்ளைகள் எட்டிப் பார்த்திருக்கிறோம்? ஆஷியம்மா வாய் திறந்து சொல்லியிருக்கப் போவதில்லை. அண்ணன் சொல்லாவிட்டால் கலாமுக்கும் தெரிந்திருக்காது.

இன்னொரு விஷயம் விடிகாலை. கலாமுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்த ஆசிரியர் சில மாணவர்களுக்கு மட்டும் இலவசமாகப் பாடம் நடத்துவார். ஒரே நிபந்தனை, குளித்துவிட்டுத்தான் வர வேண்டும். வகுப்பு அதிகாலை நான்கு மணிக்கு! மகனை எழுப்பிக் குளிப்பாட்டி அனுப்ப வேண்டுமானால் தாய் எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும்? பாடம் முடிந்து வந்தால் தந்தையோடு தொழுகை. பிறகு, ஓடும் ரயிலிலிருந்து வீசப்படும் செய்தித்தாள் கட்டுகளை எடுத்து ஊருக்குள் போடும் வேலை. அப்புறம் பள்ளிக்கூடம். பையன் இரவிலும் படிக்க வேண்டும் என்று, சிக்கனமாக எரிக்க வேண்டிய மண்ணெண்ணெயில் கொஞ்சம் அவனுக்கென்று தனியே எடுத்து வைத்தார் அம்மா.

தூங்கும் நேரத்தில் ஆஷியம்மாவும் பாட்டியும் பிள்ளைகளுக்குக் கதை சொல்வார்கள். ராமாயணக் கதை ஒரு நாள், நபிகள் நாயகத்தின் வாழ்க்கை ஒரு நாள். நல்லிணக்கம் என்று இன்று நாம் கருத்தரங்கு நடத்துகிறோம். அந்த வீட்டில் அது பிள்ளைகளைத் தூங்க வைக்கச் சொன்ன கதை.

வெளியே எல்லா வீடும் அப்படி இருக்கவில்லை. அறிவியல் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் ஒரு நாள் கலாமைத் தம் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார். முஸ்லிம் பையனுக்குத் தம் சமையலறையில் பரிமாற ஐயரின் மனைவி மறுத்துவிட்டார். ஐயர் கோபப்படவில்லை. தாமே பரிமாறி, பையன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். அடுத்த வாரமும் வரச் சொன்னார். பையன் தயங்கினான். ஆனால் போனான். அந்த முறை அந்த அம்மையாரே அவனைச் சமையலறைக்குள் அழைத்துப்போய்த் தம் கையால் உணவு கொடுத்தார். வருகிறவருக்கெல்லாம் இலை போடும் தாயின் மகனுக்கு முதல் நாள் அந்த வாசல் எப்படி இருந்திருக்கும்! ஆனாலும் கலாம் இதைக் கசப்பில்லாமல்தான் எழுதியிருக்கிறார்.

1976இல் ஜைனுலாப்தீன் 102 வயதில் காலமானார். கணவர் வாழ்ந்த வீட்டை விட்டு ஆஷியம்மா நகரவில்லை. மகனால் வேலையை விட்டுவிட்டு அங்கே தங்க முடியாத நிலை. தொண்டை அடைக்க ஆசி கூறி அனுப்பி வைத்தார். அதிக காலம் செல்லவில்லை, அவரும் போய்விட்டார். கலாம் இரவெல்லாம் பயணம் செய்து ஊர் வந்து அடக்கம் செய்தார். பிறகு, சிறு வயதில் தந்தை கைப்பிடித்து அழைத்துப் போன அதே பள்ளிவாசலுக்குப் போய்த் தொழுதார். 1980 ஜூலை 18ஆம் தேதி எஸ்.எல்.வி-3 ராக்கெட் ரோகிணியைச் சுற்றுப்பாதையில் விட்டபோது பார்த்து மகிழ அம்மா இல்லை.

2006 மே மாதத்தில் ராமேசுவரத்திலிருந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட உறவினர்கள் டில்லி அதிபர் மாளிகைக்கு வந்தார்கள். தொண்ணூறு வயது அண்ணனும் வந்திருந்தார். சில நாள் தங்கினார்கள். தங்கிய அறைக்கும் சாப்பிட்ட சாப்பாட்டுக்கும், குடித்த தேநீர் வரைக்கும் கணக்கு எழுதச் சொன்னார் கலாம். மூன்றரை லட்சம் ரூபாயை ஒட்டி வந்த தொகையைத் தம் சொந்தப் பணத்திலிருந்து காசோலையாகக் கட்டினார். அது மக்கள் பணத்தில் நடக்கும் சமையலறை. அங்கே கணக்கு வேண்டும். மசூதித் தெரு வீட்டுச் சமையலறையில் அப்படியொரு நோட்டு இருந்ததே இல்லை.