நச்சு உலோகங்களும் இரத்தப் பரிசோதனையும்

மின்சாரம் எட்டாதிருந்த காலத்தில், ஹட்டன், நுவரெலியாப் பகுதித் தோட்ட லயங்கள் பலவற்றில் வானொலி கேட்பதற்கு மோட்டார் வாகனப் பற்றரியே துணையாயிருந்தது. அதனைத் தோளிற் சுமந்து நகருக்குக் கொண்டுசென்று மின்னேற்றி வருவது இளைஞரின் வேலை. பயனற்றுப்போன பழைய பற்றரி லயத்தின் பின்புறத்தில் விறகோடு விறகாகக் கிடந்தால், அதனை எவரும் பகையாக எண்ணுவதில்லை. ஆனால், அதனுள்ளே இருப்பது காரீயம். அதை உடைத்து அடுப்பில் உருக்கினால், எழுகின்ற புகையும் தூளும் அருகே விளையாடும் குழந்தையின் உடலுக்குள் புகுந்துவிடும்.

ஈயம் என்னும் சொல்லே நம்மைச் சற்று மயக்குகிறது. பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவதும், இரசம் வைக்கும் சொம்பு செய்வதும் வெள்ளீயம். காரீயம் வேறு, அது நஞ்சு. பூசுகிறவர் இரண்டையும் கலந்துவிட்டால் சமையலே நஞ்சாகும். பழைய சுவரிலும் கதவிலும் உரிந்து விழும் வர்ணப் பூச்சிலும் காரீயம் இருக்கக்கூடும். காரீயம் கலந்த பெற்றோலை இலங்கை 2002 ஆம் ஆண்டில் நிறுத்தியது நல்ல செயல். எனினும், வீட்டுக்குள் உள்ள காரீயத்தை வீட்டாரே கவனித்தல் வேண்டும்.

இந்த நஞ்சு தனக்கென ஓர் அடையாளத்தோடு வருவதில்லை. சோகை, வயிற்றுவலி, மலச்சிக்கல், சோர்வு, பாடத்தில் மனம் பதியாமை என்று வேறு நோய்களின் வேடத்திலேயே வருகிறது. தோட்டத்துப் பிள்ளைக்குச் சோகை என்றதும் குடற்புழுவும் இரும்புச்சத்துக் குறைவுமே நினைவுக்கு வருகின்றன. பெரும்பாலும் அது சரியே. ஆயினும், இரும்புச்சத்துக் குறைந்த பிள்ளையின் குடல் காரீயத்தை மிகுதியாக உறிஞ்சுகிறது. உறிஞ்சிய காரீயமோ சோகையை மேலும் வளர்க்கிறது. ஒன்று மற்றொன்றுக்கு வழிவிடுகிறது. ஆதலின் பற்றரியோ பழைய வர்ணமோ வீட்டருகே உண்டெனில், அதனை வைத்தியரிடம் தவறாது சொல்லுதல் வேண்டும். கேளாமல் அவர் அறிய இயலாது.

காரீயத்தை அறியச் சிறந்த வழி, நாளத்திலிருந்து எடுக்கும் இரத்தத்தைச் சோதிப்பதாகும். விரல் நுனியில் எடுத்தால் தோலில் ஒட்டிய தூளும் கலந்து அளவை உயர்த்திக் காட்டக்கூடும். ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால், நஞ்சு எங்கிருந்து வருகிறதெனத் தேடி நிறுத்துமாறு உலகச் சுகாதார நிறுவனம் 2021 இல் அறிவுறுத்தியது. அதற்குக் கீழே இருந்தால் தீங்கில்லை என்று பொருளன்று. பாதுகாப்பான அளவு என ஒன்று கண்டறியப்படவில்லை.

பரிசோதனைக்குக் காலமும் உண்டு. இதனைத் தமிழ்நாட்டின் மலைநகரான கொடைக்கானலின் கதை உணர்த்துகிறது. அங்கே இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் வெப்பமானித் தொழிற்சாலை இயங்கிவந்தது. பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு நகரத்துப் பழம்பொருட் கடையொன்றிற் காணப்பட்டதைத் தொடர்ந்து, 2001 இல் அது மூடப்பட்டது. பாதரசத்தால் உடல்நலம் கெட்டதென்று தொழிலாளர் கூறினர், நிறுவனம் மறுத்தது. வழக்கு நீண்டு, 591 முன்னாள் தொழிலாளரோடு நிறுவனம் உடன்பாடு கண்டது 2016 இல்தான். மூச்சோடு புகுந்த பாதரசத்தில் ஏறத்தாழப் பாதி இரண்டு மாதங்களுக்குள் உடலைவிட்டு நீங்கிவிடுகிறது. ஆண்டுகள் கழித்துச் சோதித்தால் பாதரசம் அகப்படாது. அது செய்த கேடோ தங்கியிருக்கலாம். ஆகவே பாதரச ஆவியின் நடுவே உழைப்பவரின் சிறுநீரை, அவர் வேலையில் இருக்கும்போதே சோதித்து, முடிவுத் தாளை ஒரு பத்திரம்போல் காத்துவைக்க வேண்டும்.

அளவு கூடியிருந்தால் செய்ய வேண்டியது யாது? முதலாவது மருந்து, நஞ்சின் ஊற்றை அகற்றுவதே. பற்றரியை வீட்டில் உடைக்கலாகாது. அத்தகைய வேலை செய்பவர் உடைமாற்றிக் குளித்தபின்பே குழந்தையைத் தூக்கவேண்டும். தூசியை உலரக் கூட்டாமல் ஈரத்துணியால் துடைக்கவேண்டும். வெப்பமானி உடைந்தால் துடைப்பம் தொடலாகாது; அது பாதரச மணிகளைச் சிதறடிக்கும். பிள்ளைக்குக் கீரையும் பருப்பும் மீனும் கொடுப்பது நன்று. தோலை வெளுப்பாக்கும் பெயரறியாக் களிம்புகளை வாங்காதிருப்பதும் நன்று. அவற்றுட் சிலவற்றில் பாதரசம் கலந்திருப்பது கண்டறியப்பட்டுள்ளது.

உலோகத்தைப் பிடித்து வெளியேற்றும் மருந்துகளும் உள்ளன. பிள்ளைகளுக்குக் காரீயம் 45 மைக்ரோகிராமை எட்டும்போது அவை தேவைப்படும். வைத்தியசாலையிலன்றி அவற்றை உட்கொள்ளலாகாது. அம்மருந்தை முதலிற் கொடுத்துப் பின்பு சிறுநீரைச் சோதித்து அச்சுறுத்துவோரை நம்பவேண்டியதில்லை. அம்மருந்து எவருடைய சிறுநீரிலும் உலோகத்தைக் கூட்டிக் காட்டும். ஐயமுடையோர் டிக்கோயா, நுவரெலியா அரசாங்க வைத்தியசாலைகளை நாடலாம். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் நச்சுத் தகவல் நிலையமும் இருக்கிறது.

ஊற்றை அடைக்காமல் மருந்து உண்பது, ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதாகும். இன்று மாலையே லயத்தின் பின்புறத்தை ஒருமுறை சுற்றிப் பார்ப்பது, நாளைய வைத்தியத்திலும் மேலானது.