கரைந்த முகமும் கரையாத எழுத்தும்

(யாழ்ப்பாணத் தீவகத்து ஊரான மடத்துவெளியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



யாருடைய நினைவாக இந்த அறக்கட்டளை எழுந்ததோ, அந்த ஆசிரியரிடம் படித்தவன் நான். சரித்திரப் பாடத்துக்கு அவர் சில நாட்களில் புத்தகம் கொண்டுவர மாட்டார். ஒரு கொட்டப்பெட்டி கொண்டுவருவார். பனையோலையில் இழைத்த அந்தச் சிறு பெட்டிக்குள் வெற்றிலைக்குப் பதிலாக நாலைந்து பழஞ்செப்புக் காசுகள் இருக்கும். ஒரு நாள் ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, "என்ன தெரியுது, சொல்லு" என்றார். பச்சை படிந்த செம்பில் சில கோடுகளும் புள்ளிகளும் தெரிந்தன. "நண்டு, சேர்" என்றேன். அவர் காசை நிமிர்த்திப் பிடித்தார். "இவன் அரசன். தலை இது, இடுப்பு இது, கட்டின வேட்டி இது. அரசன் ஏன் நண்டு மாதிரி ஆனான் எண்டு யோசிச்சுப் பார்" என்றார். நாற்பது வருடம் யோசித்ததை இன்று அவருடைய ஊரில் நின்று சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில் உங்களை வெகுதூரம் கூட்டிப்போக வேண்டும். அலெக்சாந்தரின் தந்தை, மக்கெடோனியாவின் இரண்டாம் பிலிப்பு, கி.மு. 359 முதல் 336 வரை ஆண்டவன். அவனுடைய பொற்காசின் நிறை ஏறத்தாழ 8.6 கிராம். ஒரு பக்கம் இலைமாலை சூடிய அப்பல்லோவின் தலை. மறுபக்கம் இரட்டைக் குதிரை பூட்டிய தேர், அதன் கீழே பிலிப்பின் பெயர். கிரேக்க உலகத்துக்குக் கூலிப்படையாகப் போன கெல்ட்டியர் இந்தக் காசோடு ஊர் திரும்பினார்கள். பிறகு தாங்களே அதைப் போல அடிக்கத் தொடங்கினார்கள். இன்றைய பிரான்சிலும், கடல் தாண்டிப் பிரித்தானியாவிலும் பல தலைமுறைகளாக அந்த ஒரே காசு மறுபடி மறுபடி வெட்டப்பட்டது.

வெட்ட வெட்ட அது மாறியது. தேர் போய்ச் சக்கரம் ஒன்று மிஞ்சியது. இரண்டு குதிரை ஒன்றாயிற்று. அந்தக் குதிரையின் கால்கள் உடலை விட்டு விலகித் தனித்தனித் துண்டுகளாய் மிதந்தன, மூட்டுகள் உருண்டைகளாயின. அப்பல்லோவின் மூக்கும் வாயும் மறைந்தன. மாலையின் இலைகள் மட்டும் காசை நிறைத்துக் குறுக்கே நீண்டன. பிரான்சின் வடமேற்குக் கரையில் குதிரைக்கு மனிதத் தலை முளைத்தது. வடபிரான்சில் அம்பியானி என்ற குலத்தவர், யூலியஸ் சீசரோடு போர் நடந்த காலத்தில், தலை இருக்க வேண்டிய பக்கத்தை வெறுமையாகவே விட்டுப் பொற்காசு அடித்தார்கள். மறுபக்கத்தில் குதிரை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

நம்மைப் போன்ற தீவார் ஒரு செய்தியைக் கேட்க வேண்டும். 2012-ல் ஜெர்சித் தீவில் ஒரு வயலின் அடியில் ஏறத்தாழ 70,000 கெல்ட்டியக் காசுகள் ஒரே குவியலாகக் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவை பிரான்சின் எதிர்க்கரையில் வாழ்ந்த கொரியோசொலித்தர் என்ற குலத்தவருடையவை. பெருநிலத்தில் உரோமப் படை நடந்தபோது செல்வம் கடல் கடந்து தீவுக்கு வந்து மண்ணுக்குள் போனது என்று ஆய்வாளர் கருதுகிறார்கள். இடப்பெயர்வு என்றால் என்னவென்று நம் ஊருக்கு விளக்க வேண்டியதில்லை. வளவைப் பூட்டிவிட்டுப் போகிறவர் எதை மண்ணில் புதைத்துவிட்டுப் போவார் என்பதும் இங்கே இருக்கிற பலருக்குத் தெரியும்.

இந்த மாற்றங்களைப் பார்த்து 'சீரழிந்த போலி' என்று பலர் நெடுங்காலம் எழுதினார்கள். அந்தச் சொல்லை நான் ஏற்கவில்லை. ஒரு அக்கசாலைக் கம்மாளனை நினைத்துப் பாருங்கள். அவன் கையில் இருப்பது மூலக்காசு அல்ல. மூலத்தைப் பார்த்து வெட்டியதைப் பார்த்து வெட்டிய ஒன்று. அதுவும் தேய்ந்தது. அச்சின் அகலம் பெரிது, காசுத் தகடு சிறிது. அதனால் படத்தின் ஒரு பகுதி தகட்டில் விழவே இல்லை. விழாததை அவன் எங்கிருந்து வெட்டுவான்? அப்பல்லோவை அவன் கும்பிட்டவனும் அல்லன். கிரேக்க எழுத்து அவனுக்கு வெறும் கீறல். குதிரையை மட்டும் அவனுக்குத் தெரியும், அவனுடைய குலத்துக்கும் தெரியும். காசைக் கையில் வாங்குகிறவன் எதை நம்பி வாங்குவானோ அதைக் கம்மாளன் விடாமல் வெட்டினான். மற்றதில் கை தன் போக்கில் போயிற்று. அந்தப் போக்கிலும் அழகு இருந்தது. பாரிசியர் என்ற குலத்தவர் வெட்டிய பொற்காசின் முகத்தையும் சுருள்முடியையும் பார்த்தவர்கள் கைத்திறன் குறைந்தது என்று சொல்ல மாட்டார்கள்.

மாற்றத்துக்கு ஒரு ஒழுங்கு உண்டு என்று கண்டு சொன்னவர் யோன் எவன்ஸ். கடதாசி ஆலை நடத்தியவர். 1850-ல் வெளிவந்த கட்டுரையிலும் 1864-ல் வந்த நூலிலும், பண்டைப் பிரித்தானியக் காசுகளைப் பிலிப்பின் காசுக்கு எவ்வளவு கிட்ட, எவ்வளவு தூரம் என்று பார்த்து வரிசையில் அடுக்கினார். பெயரும் ஆண்டும் பொறிக்காத காசுக்கு அதன் வடிவமே காலம் சொல்லும் என்பது அவர் கண்ட முறை. அதற்கு எல்லையும் உண்டு. பிரித்தானியாவில் குனொபெலின் என்ற அரசன் கி.பி. முதல் நூற்றாண்டின் தொடக்கத்தில் அடித்த பொற்காசில் எழுத்து திரும்பி வந்துவிட்டது. ஒரு பக்கம் தானியக் கதிரும் 'கமு' என்ற எழுத்துகளும். கமுலொடூனம் என்ற அவனுடைய தலைநகரின் சுருக்கம் அது. அந்த ஊர் இன்றைய கோல்செஸ்டர். மறுபக்கம் குதிரையும் அவனுடைய பெயரின் முதலெழுத்துகளும். ஒரு ஊரின் பெயர் இரண்டே அசையில் காசில் ஏறியதை நினைவில் வைத்திருங்கள். நம் காசுக்கு வரும்போது அது வேண்டும்.

இனி ஊருக்குத் திரும்புவோம். வெளியூர்க் காசைப் பார்த்து அடிக்கும் பழக்கம் இலங்கைக்கும் புதிதன்று. நான்காம், ஐந்தாம் நூற்றாண்டு உரோமச் சிறு செப்புக்காசுகள் இத்தீவில் ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன. அவற்றோடு உள்ளூரில் செய்த சாயற்காசுகளும் கலந்து கிடைக்கின்றன. அவற்றில் இலத்தீன் எழுத்து கோடும் புள்ளியுமாகிவிட்டது. கந்தரோடையில் கிடைக்கும் நீள்சதுர இலட்சுமித் தகடுகளிலும், இருபுறமும் யானை நீராட்ட நிற்கும் திருமகள் சில தகட்டில் தெளிவாகவும் சிலவற்றில் வெறும் வரைகோடாகவும் நிற்கிறாள். போல் பீரிஸ் 1917-ல் கந்தரோடையைப் பற்றி எழுதிய நாளிலிருந்து இவை பேசப்பட்டு வருகின்றன. ஆனால் என் ஆசிரியரின் நண்டு இவற்றைச் சேர்ந்ததன்று.

அந்த நண்டு அரசனின் வம்சம் ஈழத்துப் பொற்காசான கஹவணுவில் தொடங்குகிறது. ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் அமர்ந்திருக்கும் உருவம், பக்கத்தில் நாகரி எழுத்து. முதலாம் இராசராசன் (985–1014) இந்த வடிவத்தை எடுத்துத் தன் பெயரைப் பொறித்துச் செம்பில் ஏராளமாக அடித்தான். சோழர் போன பின்பும் வடிவம் போகவில்லை. முதலாம் விசயபாகு, முதலாம் பராக்கிரமபாகு (1153–1186), நிசங்கமல்லன் என்று பொலன்னறுவை அரசர்கள் பலரும் அதையே அடித்தார்கள். இந்தத் தொடரில் உடல் ஒரு கம்பியாகியது, வேட்டியின் மடிப்புகள் இருபக்கமும் சில கீற்றுகளாயின, முகம் ஒரு வளைவும் புள்ளியுமாய்ச் சுருங்கியது. லீலாவதி என்ற அரசி மூன்று முறை அரியணை ஏறியவள். அவளுடைய காசிலும் அதே ஆண் உருவம்தான் நிற்கிறது. அரசிக்கென்று ஓர் உருவம் வெட்ட யாருக்கும் தோன்றவில்லை. 'ஸ்ரீ ராஜ லீலாவதி' என்று நாகரியில் இருப்பதால்தான் அவளை அறிகிறோம். உருவம் யாருடையதும் அல்லாததாகிவிட்டது. பெயரைக் கம்மாளன் கவனமாக வெட்டினான், ஏனென்றால் காசுக்குப் பிணை நின்றது பெயர்.

அந்தப் பராக்கிரமபாகுவின் கை நம் வாசல்வரை வந்திருக்கிறது. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள அவனுடைய தமிழ்க் கல்வெட்டை 1963-ல் பேராசிரியர் கா. இந்திரபாலா பதிப்பித்தார். பரதேசிகள், அதாவது வேற்று நாட்டவர், ஊராத்துறைக்கு வந்து இறங்க வேண்டும் என்கிறது அது, நம் ஊர்காவற்றுறைதான். யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நாலிலொரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வாணிகச் சரக்குக் கப்பல் உடைந்தால் சரிபாதி. குறிகட்டுவான் துறையில் நின்று பார்த்தால் தெரிகிற இந்தக் கடலுக்கு எழுதிய சட்டம் இது. இந்தச் சட்டத்தின் காலத்தில் ஊர்காவற்றுறையில் இறங்கியவர்களின் மடியில் அந்தக் கம்பி அரசனும் இருந்திருப்பான் என்று நம்புகிறேன்.

பொலன்னறுவைக்குப் பின் யாழ்ப்பாணத்தில் ஆரியச்சக்கரவர்த்திகள் எழுந்தார்கள். 13-ஆம் நூற்றாண்டு முதல் 1619-ல் போர்த்துக்கேயர் கைப்பற்றும் வரை அந்த அரசு நின்றது. அவர்களுடைய செப்புக்காசில் நிற்கும் அரசன் வந்தான், இருமருங்கும் விளக்கோடு. திருப்பினால்தான் புதுமை. அங்கே அமர்ந்திருந்த உருவம் எழுந்து போய்விட்டது. அதன் இடத்தில் ஒரு நந்தி படுத்திருக்கிறது. மேலே பிறை. கீழே தமிழில் இரண்டு எழுத்து: சேது. அந்நாளில் எகர ஏகாரத்துக்குத் தனித்தனிக் கொம்பு இல்லை. ஒற்றைக் கொம்பும் சகரமும் துகரமும் போதும், சேது என்று வாசித்துவிடலாம்.

அந்தச் சொல்லை வைத்து இவை இராமநாதபுரத்துச் சேதுபதிகளுடையவை என்று எண்ணியோரும் உண்டு. இவை யாழ்ப்பாணத்து அரசர்களின் காசே என்று சுவாமி ஞானப்பிரகாசர் 1920-ல் எழுதினார், எச். டபிள்யூ. கொட்ரிங்டன் 1924-ல் வெளியிட்ட நாணய நூலில் இவற்றை வகைப்படுத்தினார். நம் காலத்தில் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் வடபுலத்தில் கிடைத்த காசுகளைத் தேடிச் சேர்த்து ஆராய்ந்திருக்கிறார். இவர்கள் மூவருக்கும் இந்த மண் கடன்பட்டிருக்கிறது.

என்னை வியக்க வைப்பது இந்தக் காசில் அரசன் பெயர் இல்லாததே. பொலன்னறுவையில் உருவம் கரைந்தும் பெயர் நின்றது. யாழ்ப்பாணத்தான் அந்தப் பெயரையும் எடுத்துவிட்டான். செகராசசேகரன், பரராசசேகரன் என்று மாறிமாறி அரியணைப் பெயர் சூடிய அரசர்கள் காசில் தங்களை எழுதாமல் ஒரு துறையை எழுதினார்கள். சேதுகாவலர் என்பது அவர்கள் கொண்ட விருது. இராமேசுவரத்துக்குப் போகும் வழி, முத்துக் குளிக்கும் கடல், யானை ஏற்றும் துறை எல்லாம் அந்த இரண்டு எழுத்துக்குள் அடங்கின. 1344-ல் வந்த பயணி இபன் பதூதாவும் கடலில் வலிமை மிக்க அரசனாகவே ஆரியச்சக்கரவர்த்தியைக் கண்டான். கோல்செஸ்டர்க் காசின் 'கமு'வுக்கு அருகே என் மனம் நம் 'சேது'வை வைத்துப் பார்க்கிறது. அங்கேயாவது மறுபக்கத்தில் அரசன் பெயர் உண்டு.

பெயர் இல்லாததால் இந்தக் காசுகளை அரசர் வரிசையில் அடுக்க முடியாது. எவன்ஸ் போன வழியில்தான் போக வேண்டும். பொலன்னறுவை அரசனுக்குக் கிட்ட நிற்பவை முந்தியவை, விலகியவை பிந்தியவை என்று கொள்வது அந்த வழி. ஆனால் குனொபெலின் காட்டியது போல வடிவம் எப்போதும் ஒரே திசையில் போவதில்லை. ஒரு நல்ல கம்மாளன் வந்தால் கோடாகிப் போன அரசனுக்கு மறுபடி தோளும் மார்பும் வரும். ஆகவே வடிவத்தின் சாட்சியை மண்ணின் சாட்சியோடு ஒத்துப்பார்க்க வேண்டும்: எந்தக் காசு எதனோடு, எந்த ஆழத்தில், எந்த ஊரில் கிடைத்தது என்பதோடு.

அந்தச் சாட்சி நம் கையாலேயே அழிகிறது. கிணறு வெட்டும்போதும் தோட்டம் கொத்தும்போதும் காசு வரும். வந்ததும் புளி போட்டு மினுக்குகிறோம். பச்சையோடு நந்தியின் கொம்பும் போய்விடும். தயவுசெய்து மினுக்காதீர்கள். தொல்லியல் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். அதற்கு முதல், எடுத்த அன்றே ஒரு துண்டுக் கடதாசியில் எழுதுங்கள்: யாருடைய வளவு, எந்த மூலை, எத்தனை முழ ஆழம், பக்கத்தில் ஓட்டுத்துண்டோ சங்கோ இருந்ததா, என்ன திகதி.

ஆசிரியரின் கொட்டப்பெட்டியை அவருடைய குடும்பத்தார் என்னிடம் பார்க்கத் தந்தார்கள். ஐந்து காசுகள். மூன்றில் நந்தி இருக்கிறது. ஒன்றில் அரசன் முழுக்கக் கரைந்திருக்கிறான். கொம்பும் சகரமும் துகரமும் நகத்தில் தட்டுப்படும் அளவுக்கு எழும்பி நிற்கின்றன. என் நண்டு அதுதான். அதை அவர் மடத்துவெளியில் எடுத்தாரா, நெடுந்தீவில் எடுத்தாரா, யாராவது பிள்ளை கொண்டுவந்து கொடுத்ததா என்று அறியப் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தேன். துண்டு எதுவும் இல்லை.