கணையத்தின் இரண்டாவது வாசல்

(நாமக்கல் மாவட்டம், வெண்ணந்தூரில் அறிவியல் ஆசிரியர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சில ஆண்டுகளுக்கு முன் விடைத்தாள் திருத்தும்போது ஒரு தவறு செய்தேன். செரிமான மண்டலப் படத்தில் ஒரு மாணவி கணையத்திலிருந்து முன்சிறுகுடலுக்கு இரண்டு துளைகள் வரைந்திருந்தாள். நாம் நடத்தும் படத்தில் ஒன்றுதானே என்று மேல் துளையைச் சிவப்பு மையால் அடித்து, அரை மதிப்பெண் குறைத்தேன். "அக்காவோட நர்சிங் புத்தகத்துல ரெண்டு இருக்குதுங்க ஐயா" என்றாள். புத்தகத்தைப் பார்த்தேன். அவள் வரைந்ததே சரி.

பித்த நாளமும் முதன்மைக் கணைய நாளமும் முன்சிறுகுடலின் உட்சுவரில் ஒரு சிறு மேட்டில் திறக்கின்றன. அந்தக் கணைய நாளத்தை 1642-இல் இத்தாலியின் பதுவா நகரில் விர்சுங் கண்டறிந்தார். அதற்குச் சுமார் 2 செ.மீ. மேலே இன்னும் சின்னதாக ஒரு மேடு உண்டு. சாண்டோரினி பெயரால் வழங்கும் துணை நாளம் அங்கே திறக்கிறது. பலருக்கு அது குறுகியிருக்கும். சிலருக்கு மூடியே போயிருக்கும்.

அந்தச் சின்ன மேட்டின் மெல்லிய வெட்டை நுண்ணோக்கியில் வைத்தால், நடுவில் நாளத்தின் குழி தெரியும். அதன் உட்புறம் தூண் வடிவ எபிதீலியச் செல்கள். சுற்றிலும் கொத்துக் கொத்தாகக் கோழைச் சுரப்பிகள். அவற்றினூடே மென்தசை இழைகள் ஓடுகின்றன. பெரிய மேட்டில் இதே தசை ஒழுங்கான வளையமாக, ஓடி சுருக்குத்தசையாக அமைந்திருக்கிறது. சின்ன மேட்டில் அவ்வளவு ஒழுங்கு கிடையாது. கணையத் திசுவின் துணுக்குகள் தசைக்குள்ளேயே கிடப்பதும் உண்டு. கணையம் எங்கே முடிகிறது, குடல் எங்கே தொடங்குகிறது என்று அந்த இடத்தில் கோடு போட முடியாது.

ஏன் இரண்டு? கருவில் கணையம் இரண்டு மொட்டுகளாகத் தோன்றி, ஏறத்தாழ 7-ஆம் வாரத்தில் ஒன்றாகிறது. நூறில் சுமார் 5 முதல் 10 பேருக்கு நாளங்கள் மட்டும் இணைவதில்லை. அவர்களுக்குக் கணைய நீரின் பெரும்பகுதி அந்தச் சின்னத் துளை வழியாகத்தான் குடலுக்குப் போக வேண்டும். பெரும்பாலோருக்கு இதனால் தொல்லை இல்லை. சிலருக்குக் கணைய அழற்சி வருகிறது.

கணைய நாளத்தில் கல் என்றதும் நம் பக்கத்துப் பெற்றோர் குச்சிக்கிழங்கைத்தான் கேட்பார்கள். கேரளத்தில் ஏராளமான நோயாளிகளைப் பார்த்த மருத்துவர் கீவர்கீஸும் கிழங்கிலுள்ள சயனைடு நஞ்சு காரணமோ என்று ஐயப்பட்டவரே. பின்வந்த ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை; மரபணுக்களின் பங்கு இன்று அதிகம் பேசப்படுகிறது. ஆனாலும் பச்சைக் கிழங்கைத் தின்னாதே என்று பிள்ளைகளிடம் சொல்லத்தான் வேண்டும்.

அந்த மாணவியின் தாளில் அரை மதிப்பெண்ணைத் திரும்பப் போட்டேன். அதற்குள் மதிப்பெண் பட்டியல் போய்விட்டிருந்தது.