தாத்தாவின் வாட்சைத் திறக்காதீர்கள்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் சார் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். பராமரிப்புக் கட்டணம் பற்றிப் பேச எல்லோரும் காத்திருக்கிறீர்கள் என்று தெரியும். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

இருட்டில் ஒளிர்வது எதுவானாலும் அதை நாம் 'ரேடியம்' என்றே சொல்கிறோம். பைக் நம்பர் பிளேட்டுக்கு ரேடியம் ஒட்டினேன், குழந்தை அறையின் சீலிங்கில் ரேடியம் நட்சத்திரம் ஒட்டினேன் என்கிறோம். இவற்றில் ஒன்றில்கூட ரேடியம் கிடையாது. நம்பர் பிளேட்டில் இருப்பது, தன்மேல் விழும் வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும் தாள். சீலிங் நட்சத்திரம், விளக்கு எரியும்போது வெளிச்சத்தை வாங்கி வைத்துக்கொண்டு பிறகு மெல்ல விடுவது. ஆனால் அந்தப் பெயர் சும்மா வந்துவிடவில்லை. ஒரு காலத்தில் கடிகார டயலில் உண்மையான ரேடியத்தைத்தான் பூசினார்கள்.

இதை இன்று பேசக் காரணம் நம் பிளாக்கில் உள்ள ஒரு பையன். போன மாதம் அவனுடைய கொள்ளுத்தாத்தாவின் அலாரம் கடிகாரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். "அங்கிள், நம்பரெல்லாம் பழுப்பா ஆயிடுச்சு. பிளேடால சுரண்டிட்டுப் புதுசா பெயின்ட் அடிக்கலாமா?" என்று கேட்டான். நல்லவேளை, கேட்டுவிட்டுச் செய்ய நினைத்தான்.

ரேடியத்தை 1898-ல் மேரி கியூரியும் பியர் கியூரியும் கண்டுபிடித்தார்கள். அதைத் துளியளவு எடுத்து துத்தநாக சல்ஃபைடுடன் கலந்தால், ரேடியத்தின் கதிர்கள் பட்டு அந்தத் தூள் இரவும் பகலும் ஒளிரும். வெயிலில் காட்ட வேண்டாம், சாவி கொடுக்க வேண்டாம். முதல் உலகப் போரில் பதுங்கு குழியில் இருந்த சிப்பாய்க்கு இருட்டில் மணி பார்க்க இது பெரிய வசதி. அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தின் ஆரஞ்சு நகரில் இதற்கென ஒரு தொழிற்சாலை நடந்தது. பூச்சின் பெயர் 'அன்டார்க்'.

டயலில் எண்களை எழுதியவர்கள் இளம்பெண்கள். முடி பிரிந்த தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கி எழுதச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ரேடியம் வாய்க்குள் போனது. அதே நிறுவனத்தின் வேதியியலாளர்களோ ஈயத் தடுப்புக்குப் பின்னால் நின்று, இடுக்கியால் எடுத்துத்தான் அதைக் கையாண்டார்கள். நம் உடம்புக்கு ரேடியத்துக்கும் கால்சியத்துக்கும் வித்தியாசம் தெரியாது. எலும்பில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். பற்கள் விழுந்தன, தாடை எலும்பு அரித்தது. 1922-ல் மோலி மேகியா என்ற பெண் இறந்தபோது, காரணம் பால்வினை நோய் என்று எழுதினார்கள். செத்த பிறகும் அவருக்கு அவப்பெயர்.

கிரேஸ் பிரையர் என்ற பெண் வழக்குப் போட முடிவு செய்தார். அதை எடுத்து நடத்த வக்கீல் கிடைக்கவே இரண்டு ஆண்டு ஆனது. 1927-ல் ஐந்து பெண்கள் சேர்ந்து நீதிமன்றம் போனார்கள். 1928-ல் சமரசம் ஆனது. ஆளுக்கு 10,000 டாலரும், ஆண்டுக்கு 600 டாலரும், மருத்துவச் செலவும் தர நிறுவனம் ஒப்புக்கொண்டது. அந்தப் பூச்சை உருவாக்கிய சாபின் வான் சொச்சாக்கியும் அதே 1928-ல் ரத்தம் ஊறாத நோயில் இறந்தார். தொழிலாளியின் உடல்நலத்துக்கு முதலாளி பொறுப்பு என்ற எண்ணம் அமெரிக்காவில் வலுப்பட இந்தப் பெண்களின் வழக்கு ஒரு காரணம்.

இப்போது நம் வீட்டு பீரோவுக்கு வருவோம். "அந்தக் கடிகாரம்தான் இப்போது ஒளிர்வதே இல்லையே, தீர்ந்து போயிருக்கும்" என்று நினைப்போம். அங்கேதான் ஏமாறுகிறோம். ரேடியம் பாதியாகக் குறையவே 1,600 ஆண்டு ஆகும். நூறு வருடப் பழைய கடிகாரத்தில் பூசிய ரேடியத்தில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் இன்றும் அப்படியே இருக்கிறது. கதிர் பட்டுப் பட்டுக் கெட்டுப்போனது துத்தநாக சல்ஃபைடுதான். விளக்கு அணைந்துவிட்டது, அடுப்பு அணையவில்லை.

1960-களில் ரேடியம் மெல்ல விலகி, டிரிட்டியம் வந்தது. அது 12.3 ஆண்டில் பாதியாகிவிடும். அதன் கதிர் வாட்ச் கண்ணாடியைக்கூடத் தாண்டாது. டயலின் அடியில் 'ஸ்விஸ்' என்ற சொல்லின் இருபுறமும் ஆங்கில எழுத்து 'டி' இருந்தால் அது டிரிட்டியம். பிறகு 1993-ல் ஜப்பானின் நெமோட்டோ நிறுவனம் ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட்டை அடிப்படையாகக் கொண்ட 'லூமினோவா'வைக் கொண்டு வந்தது. இதில் கதிர்வீச்சே கிடையாது. இன்று கடையில் வாங்கும் பெரும்பாலான ஒளிரும் வாட்சுகளில் இந்த வகைதான். பிள்ளைகளுக்குத் தயங்காமல் வாங்கிக் கொடுக்கலாம்.

ஆகவே, வீட்டில் 1970-க்கு முந்தைய ஒளிரும் டயல் கடிகாரம் இருந்தால் நான்கு விஷயம் கவனியுங்கள்.

ஒன்று, பயப்பட வேண்டாம். கண்ணாடி உடையாமல் மூடியிருக்கும் ஒரு கடிகாரம் பீரோவில் இருப்பதால் பெரிய ஆபத்து இல்லை. தலைமாட்டில் வைத்துத் தூங்காதீர்கள், தினமும் கையில் கட்டாதீர்கள், அவ்வளவுதான்.

இரண்டு, திறக்காதீர்கள், சுரண்டாதீர்கள். காய்ந்த பூச்சு தூளாக உதிரும். மூச்சிலோ வாயிலோ போவதுதான் உண்மையான ஆபத்து. ரிப்பேருக்குக் கொடுத்தால், கடைக்காரரிடம் "பழைய ரேடியம் டயலாக இருக்கலாம்" என்று சொல்லிக் கொடுங்கள். பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு முகத்தை அருகில் வைத்து வேலை செய்பவர் அவர்.

மூன்று, கண்ணாடி உடைந்திருந்தால் ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் போட்டு மூடி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

நான்கு, குப்பையில் போடாதீர்கள். நம் குப்பையைக் கையால் பிரிப்பவர்கள் தூய்மைப் பணியாளர்கள். அன்று தூரிகையை உதட்டில் வைத்த பெண்களிடம் யாரும் உண்மையைச் சொல்லவில்லை. நாம் தெரிந்துகொண்டே இன்னொருவர் கையில் அதைக் கொடுக்கக் கூடாது. கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கு நம் நாட்டில் பொறுப்பு மும்பையில் உள்ள அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். எப்படி ஒப்படைப்பது என்று அங்கே எழுதிக் கேட்கலாம்.

கடைசியாக, இதே விஷயத்தில் சங்கத்துக்கு ஒரு கோரிக்கை. நம் படிக்கட்டில் ஒட்டியிருக்கும் பச்சை நிற 'வெளியேறும் வழி' அம்புக்குறிகளும் இந்தப் புதிய வகைப் பூச்சுதான். கதிர்வீச்சு இல்லை, நல்லது. ஆனால் அவை தானாக ஒளிராது. முதலில் வெளிச்சத்தை வாங்க வேண்டும். போன வருடம் படிக்கட்டுக்கு சென்சார் விளக்கு போட்டோம், கரண்ட் பில் குறைந்தது, எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஜன்னல் இல்லாத மாடித் திருப்பங்களில் ஆள் நடக்காத நேரமெல்லாம் இருட்டு. அங்கே உள்ள அம்புக்குறி பட்டினி கிடக்கிறது. போன வாரம் மின்சாரம் போன இரவில் இறங்கிப் பார்த்தேன். ஜன்னல் பக்கத்து அம்பு தெரிந்தது, மற்றவை கண்ணுக்கே தெரியவில்லை. நெருப்பு, புகை என்று வந்தால் நம் வீட்டுப் பெரியவர்கள் அந்த அம்பைப் பார்த்துத்தான் இறங்க வேண்டும். ஜன்னல் இல்லாத திருப்பங்களில் மட்டும் ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கு எப்போதும் எரியட்டும். செலவு சொற்பம். இன்றைய தீர்மானங்களில் இதையும் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அந்தப் பையனின் கடிகாரம் இப்போது கவருக்குள் பத்திரமாக இருக்கிறது. நீங்களும் இன்று வீட்டுக்குப் போனதும் பீரோவை ஒருமுறை பாருங்கள்.