பானை ஓட்டில் பெயர் இருக்கிறது, பதிவேட்டில் இல்லை

(சென்னிமலையில் நடந்த கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



அருங்காட்சியகத் தொழிலாளர்களைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் கூட்டத்தை ஏற்பாடு செய்த தோழரே கேட்டார்: "சென்னிமலைல தறி இருக்குதுங், சாயத்தண்ணிப் பிரச்சினை இருக்குதுங், அருங்காட்சியகம் எங்கிங்க இருக்குது?" நியாயமான கேள்விதான். இங்கிருந்து மேற்கே ஏறக்குறைய பதினைந்து கிலோமீட்டர் போனால் நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறது. அங்கிருந்து ஆரம்பிக்கிறேன்.

1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகமும், பின்னர் புதுவைப் பல்கலைக்கழகமும், தமிழ்நாடு தொல்லியல் துறையும் அங்கே பல கட்டங்களாக அகழாய்வு செய்திருக்கின்றன. இரும்பு உருக்கிய உலைகள், கல்மணி செய்த பட்டறைகள், சங்கு அறுத்த கழிவுகள் எல்லாம் கிடைத்தன. பதிற்றுப்பத்து சொல்லும் 'கொடுமணம்' இதுதான் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆக, அது ஒரு தொழிலாளர் ஊர். எனக்கு அங்கே மிகவும் பிடித்தது பானை ஓடுகள். தமிழியில் பெயர் கீறிய ஓடுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. 'சம்பன் சுமணன்' என்று ஒருவரின் பெயர் இருக்கிறது. கீழடியிலும் 'ஆதன்', 'குவிரன் ஆதன்' என்று பெயர்கள் இருக்கின்றன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு மனிதர் தன் பானையில் தன் பெயரை எழுதி வைத்தார். அதனால்தான் இன்று நாம் அவரைப் பெயர் சொல்லிப் பேசுகிறோம்.

இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. அந்த ஓட்டை மண்ணிலிருந்து எடுத்தது யார்? குழிக்குள் உட்கார்ந்து, கொத்துக்கரண்டியால் சுரண்டி, கூடையில் மண்ணை அள்ளிச் சலித்தது யார்? பெரும்பாலும் சுற்றுவட்டாரக் கிராமங்களின் தினக்கூலிகள். பெண்கள் அதிகம். நீங்கள் இதுவரை பார்த்த அருங்காட்சியகங்களில், எடுத்தவர் இன்னார் என்று ஒரு கூலித் தொழிலாளியின் பெயரை எத்தனை பலகைகளில் படித்திருக்கிறீர்கள்?

கீழடி அருங்காட்சியகம் 2023 மார்ச் 5 அன்று திறக்கப்பட்டது. எனக்கும் அது பெருமைதான். தமிழர் வரலாற்றைச் சாதியின் கதையாகவும் சமயத்தின் கதையாகவும் மட்டும் சொல்லி வந்தவர்களுக்கு அது ஒரு பதில். ஆனால் அந்தப் பதிலை மண்ணிலிருந்து எடுத்துக் கொடுத்த கைகளும், தினமும் துடைத்து வைக்கிற கைகளும் அதே பெருமையில் சேர்த்தியா? எல்லா அருங்காட்சியகங்களையும் பார்த்து நாம் கேட்க வேண்டிய கேள்வி இது.

ஒரு சம்பவம் சொல்கிறேன். ஆய்வுக்காக ஒரு மாவட்டத்து அருங்காட்சியகத்துக்கு அடிக்கடி போய்க்கொண்டிருந்தேன். ஊரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் ஒருவருடைய வேலை போய்விடும். அங்கே தரை துடைக்கும் அக்கா ஒருவர், நான் ஒரு வெண்கலச் சிலையைப் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "அந்தப் பொட்டிக்குள்ள பச்சையா மாவாட்டம் உதிருதுங் கண்ணு. போன மழைக்கே பாத்தனுங்."

உற்றுப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. வெண்கலத்தில் குளோரைடு உப்பு தங்கியிருந்து, காற்றில் ஈரம் ஏறினால், உலோகத்தை அது உள்ளிருந்து தின்ன ஆரம்பிக்கும். மேலே வெளிர்பச்சைத் தூள் பூக்கும். பாதுகாப்பு வல்லுநர்கள் இதை வெண்கல நோய் என்பார்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் சிலை பிழைக்கும். அந்த அக்கா மாதக்கணக்கில் முன்பே கண்டுபிடித்திருந்தார்.

"யாருகிட்டயாவது சொன்னீங்களாக்கா?"

"ஆருகிட்டச் சொல்றதுங்? எனக்கு மேல காண்ட்ராக்ட் சூப்பர்வைசருங். ஆபீசுல எங்ககூட ஆரும் பேச மாட்டாங்க. நாஞ் சொல்லப் போயி, நீதான் தண்ணி பட வெச்சேன்னு சொல்லிட்டா?"

தோழர்களே, தொழிலாளர் உறவு என்றால் என்ன என்று மேலாண்மைப் புத்தகங்கள் அத்தியாயம் அத்தியாயமாக எழுதுகின்றன. எனக்கு அதற்கான விளக்கம் அந்த அக்காவின் கேள்வியில் கிடைத்தது: ஆருகிட்டச் சொல்றது? அவருக்கும் அந்த நிறுவனத்துக்கும் நடுவில் ஒப்பந்தக்காரர் நிற்கிறார். அவருடைய பெயர் அருங்காட்சியகத்தின் வருகைப் பதிவேட்டில் இல்லை, ஒப்பந்தக்காரரின் நோட்டில் இருக்கிறது. அங்கே உறவு கெட்டுப்போகவில்லை. உறவே வைத்துக்கொள்ளாமல் நிர்வாகம் பார்த்துக்கொண்டது. தொடாமல் வேலை வாங்கும் இந்த வித்தை நமக்குப் புதிதல்ல. ஊர்க்காரர் சேரிக்காரரிடம் நடுவில் ஓர் ஆளை வைத்து வேலை வாங்கியதைத்தான் இன்று டெண்டர் என்று எழுதுகிறார்கள்.

சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களையே அடுக்காகப் பிரித்து வைப்பது என்று 1936-இல் அம்பேத்கர் விளக்கினார். அந்த அடுக்கு அருங்காட்சியகத்தில் அப்படியே இருக்கிறது. கல்வெட்டு படிக்கிறவர் ஒரு தட்டு, காவல் நிற்கிறவர் ஒரு தட்டு, கழிவறை கழுவுகிறவர் கடைசித் தட்டு. கொங்கு நாட்டில் அந்தக் கடைசித் தட்டில் எந்தச் சாதிப் பெண்கள் அதிகம் நிற்கிறார்கள் என்று இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அருங்காட்சியகத்துக்கும் சாதிக்கும் உள்ள தொடர்பு பழையது. 1851-இல் தொடங்கிய சென்னை அருங்காட்சியகத்தில் 1885 முதல் 1908 வரை கண்காணிப்பாளராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். அளவுகோலும் இடுக்கியுமாக மக்களின் மூக்கையும் தலையையும் அளந்து, சாதிவாரியாகப் பட்டியல் போட்டவர். தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி 1909-இல் அவர் வெளியிட்ட நூல் ஏழு தொகுதிகள். உழைக்கும் மக்களின் மூக்கின் அகலத்தை மில்லிமீட்டரில் குறித்துவைக்க நிறுவனத்துக்கு நேரம் இருந்தது. அதே மக்களின் பேத்திகள் அங்கே எத்தனை மணி நேரம் நிற்கிறார்கள் என்று குறித்துவைக்க இன்று ஒரு பதிவேடு இல்லையா?

அடுத்து சட்டம். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத்தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு, ஒரு நிறுவனத்தின் 'முதன்மைப் பணி'யில் ஒப்பந்தத் தொழிலாளர்களை வைக்கக் கூடாது என்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எவையெல்லாம் முதன்மைப் பணி இல்லை என்று ஒரு பட்டியலும் போடுகிறது: துப்புரவு, காவல், தோட்ட வேலை, உணவகம், சுமை ஏற்றி இறக்குவது. பட்டியலைச் சாதிக் கண்ணாடி போட்டுப் படியுங்கள். யாருடைய வேலைகள் 'முதன்மை' இல்லை என்று தெரியும். மேலும், ஐம்பது ஒப்பந்தத் தொழிலாளர்களாவது இருந்தால்தான் அந்தப் பகுதியே பொருந்தும். 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இது இருபதாக இருந்தது. மாவட்ட அருங்காட்சியகம் ஒன்றில் ஐம்பது ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு எங்கே போவது?

ஆனால் அதே பட்டியலில் ஒரு விலக்கும் இருக்கிறது. ஒரு நிறுவனம் அந்த வேலைக்காகவே அமைக்கப்பட்டதாக இருந்தால், அது முதன்மைப் பணிதான். சரி, அருங்காட்சியகம் எதற்காக அமைக்கப்பட்டது? பொருளைக் காப்பதற்காக. அப்படியானால் காவலும் தூய்மையும் எப்படித் துணைப்பணி ஆகும்? பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியக ஊழியர்கள் 2025 ஜூன் 16 அன்று, கூட்டம் தாங்கவில்லை, ஆள் போதவில்லை என்று வேலையை நிறுத்தினார்கள். நான்கு மாதம் கழித்து, அக்டோபர் 19 அன்று பட்டப்பகலில் அங்கே அரச நகைகள் கொள்ளை போயின. பிரிட்டிஷ் அருங்காட்சியகம் துப்புரவு உள்ளிட்ட வேலைகளை கரிலியன் என்ற தனியார் நிறுவனத்திடம் விட்டது. 2018 ஜனவரியில் அந்த நிறுவனம் திவாலானது. தொழிலாளர்கள் தெருவுக்கு வந்து, எங்களை நேரடியாக வேலைக்கு எடுங்கள் என்று கேட்டார்கள். உலகப் புகழ்பெற்ற நிறுவனங்களின் கதியே இது.

நம் நாட்டில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. அரசு நேரடியாக ஆள் எடுத்தால் 69 விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு. அதற்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு, 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி. 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆனால் ஒப்பந்தக்காரர் ஆள் எடுக்கும்போது இடஒதுக்கீடு எங்கே? போராடிப் பெற்ற உரிமையைச் சட்டத்தைத் தொடாமலேயே காலி செய்கிற வழி இது. துடைப்பத்துக்கு மட்டும் 'ஒதுக்கீடு' நூற்றுக்கு நூறாக நீடிக்கும், நாற்காலிக்கு ஆள் எடுக்கவே மாட்டார்கள். 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்பு தூய்மைப் பணியாளர்கள் பதின்மூன்று நாள் உட்கார்ந்ததும், நள்ளிரவில் கைது செய்யப்பட்டதும் தனியார்மயத்தை எதிர்த்துத்தான். அதையும் இதையும் பிரித்துப் பார்க்க முடியாது.

"எல்லாரையும் நிரந்தரமாக்க நிதி எங்கே?" என்று கேட்பார்கள். ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்கும் சேவைக் கட்டணமும் அதே நிதியிலிருந்துதான் போகிறது. நீதிமன்றமும் இந்தச் சாக்கை எப்போதும் ஏற்பதில்லை. மத்திய நீர் ஆணையத்தில் பல்லாண்டு தற்காலிகமாகவே துப்புரவு வேலையும் தோட்ட வேலையும் செய்தவர்களின் வழக்கில், அவர்களைப் பணிநிரந்தரம் செய்யும்படி 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தற்காலிகம் என்று பெயர் வைத்து நிரந்தர வேலை வாங்குவதை அந்தத் தீர்ப்பு கண்டித்தது.

இங்கே தொல்லியல் படிக்கும் தம்பி தங்கைகள் சிலர் இருக்கிறீர்கள். நாளை காப்பாட்சியராக உட்காரப் போகிறவர்கள். சட்டம் மாறும்வரை காத்திருக்காமல் உங்கள் கையெழுத்திலேயே செய்யக்கூடியவை உண்டு.

ஒன்று, ஒப்பந்தக்காரரின் பில்லில் கையெழுத்துப் போடும் முன், ஒவ்வொருவர் கணக்கிலும் கூலி ஏறியதா, பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்டப்பட்டதா என்று அவர்களையே கூப்பிட்டுக் கேளுங்கள். முதன்மை வேலையளிப்பவர் நீங்கள்தான்; கூலி பாக்கி நின்றால் பொறுப்பும் உங்களுடையது.

இரண்டு, காவலருக்கு நாற்காலி கொடுங்கள். 2021-இல் தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமை தந்தது. ஜவுளிக்கடையில் கிடைத்த நாற்காலி, சிலைக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் ஏன் மறுக்கப்பட வேண்டும்?

மூன்று, பத்துப் பேருக்குக் குறைவான இடத்தில் பாலியல் தொல்லைப் புகாரை மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் கொடுக்கலாம். அந்த விவரத்தைச் சுவரில் தமிழில் எழுதி ஒட்டுங்கள்.

நான்கு, மாதம் ஒருமுறை எல்லாரும் ஒரே மேசையில் உட்காருங்கள். துடைப்பவரும் காவலரும் தாங்களே தேர்ந்தெடுத்த பிரதிநிதியோடு வரட்டும். எந்தப் பெட்டியில் ஈரம், எந்தச் சுவரில் கரையான் என்று முதலில் அறிந்தவர்கள் அவர்கள். ஒரே மேசை, ஒரே டம்ளர்.

ஐந்து, அகழாய்வு அறிக்கையிலும் காட்சிக்கூடத்திலும் விரும்புகிறவர்களின் பெயர்களைப் போடுங்கள்.

இவையெல்லாம் சங்கத்துக்கு மாற்றல்ல. நல்ல அதிகாரி மாற்றலாகிப் போய்விடுவார், சங்கம்தான் நிற்கும். நம்மைப் போன்ற ஆய்வாளர்களின் வேலை, தரவு எடுத்துக்கொண்டு போவதோடு முடிவதல்ல. அவர்கள் சங்கம் வைக்கும் நாளில் மனு எழுதவும் கூட நிற்கவும் வேண்டும்.

அந்த வெண்கலச் சிலை விஷயத்தை அலுவலகத்தில் நான்தான் போய்ச் சொன்னேன். உடனே ஆள் வந்து பார்த்தார்கள். "கூர்மையான பார்வை உங்களுக்கு" என்று என்னைப் பாராட்டினார்கள். அக்கா சொன்னதுதான் என்று அங்கே சொல்ல முடியவில்லை. சொல்ல வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டிருந்தார். இன்னொருவர் உழைப்பில் என் பெயர் ஏறிய அந்த நிமிடம் இன்னும் உறுத்துகிறது.

கொடுமணலில் சம்பன் சுமணன் தன் பானையில் தன் பெயரை எழுத யாரிடமும் அனுமதி கேட்டிருப்பாரா, தெரியாது. அந்த ஓட்டைத் தூசு தட்டி வைக்கிற அக்கா, தான் பார்த்ததைத் தன் பெயரோடு பயமில்லாமல் சொல்கிற நாளுக்காகத்தான் இவ்வளவும் பேசினேன்.